கழிவு போக

சென்னை, அம்பத்தூர்
20.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெற்றிசெல்வன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கலைமதியும் சுகம். ஊரில் நீயும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடுதாசி எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். டயாலிசிஸ் ஹாலில் போன் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இடது கையில் இரண்டு ஊசி. நாலு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். வலது கை சும்மாதானே இருக்கிறது? வாரத்தில் மூன்று நாள் இப்படி. வீட்டுக்குப் போனால் அசதியில் தூங்கிவிடுகிறேன். அதனால் இனிமேல் கடுதாசிதான். நீயும் எழுது. உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு வருஷம் ஆயிற்று!

போன வாரம் டாக்டர் சொன்னதைக் கேட்டு நீ முகம் சிவந்து எழுந்து வந்துவிட்டாய். நேரே போய் பஸ் ஏறிவிட்டாய். அவர் உன்னைக் கேவலமாகச் சொல்லவில்லை அக்கா. நம் ரத்த வகை சேருகிறது. உனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கிட்னி இரண்டும் நன்றாக இருக்கின்றன. எனக்கு ஒன்றைக் கொடுக்கத் தடை உன் எடை ஒன்றுதான். எண்பத்தாறு கிலோவில் உன் உடம்பில் கத்தி வைத்தால் உனக்கு ஆபத்து, மிச்சமிருக்கும் ஒற்றைக் கிட்னிக்கும் பிற்பாடு ஆபத்து. உன் உயரத்துக்கு எழுபத்திரண்டுக்குக் கீழே வந்தால் எடுக்கலாம் என்கிறார். பதினாலு கிலோ.

எனக்கும் எடைக் கணக்கு உண்டு. குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, உடம்பிலேயே நின்றுவிடும். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான். காப்பி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதில் அடக்கம். தாகம் எடுத்தால் பாட்டில் மூடியில் ஊற்றிக் குடிக்கிறேன். நீ இறக்க வேண்டும், நான் ஏறவிடக் கூடாது. யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம்.

அவசரம் ஒன்றும் இல்லை. முடியாது என்று பட்டால் முடியாது என்றே எழுது. வருத்தப்பட மாட்டேன்.

உன் தம்பி,
வெற்றி


கறம்பக்குடி
03.02.2025

தம்பி வெற்றிக்கு,

அக்கா அமராவதி எழுதுவது. நானும் உன் மாமாவும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். உன் உடம்பைப் பற்றி நாலு வரி எழுதாமல் என் உடம்பைப் பற்றி நாற்பது வரி எழுதியிருக்கிறாயே, அது என்ன பழக்கம்?

முடியாது என்று எழுதவாம்! கலைமதி ரத்தம் சேரவில்லை. அப்பாவும் ஆத்தாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. நான் முடியாது என்று எழுதிவிட்டு இங்கே உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? இன்னொரு தடவை அப்படி எழுதினாய் என்றால் பஸ் ஏறி வந்து அறைவேன்.

காலையில் ஐந்து மணிக்கு ஊருணிக் கரையைச் சுற்றி நடக்கிறேன். முதல் நாள் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னத்தா, மாடு அவுந்துக்கிட்டா? எங்கிட்டுத் தேடுறே?" என்று கேட்டார். இட்லி ஆறு சாப்பிட்டவள் மூன்றோடு எழுந்துவிடுகிறேன். டீயில் சீனி இல்லை. ராத்திரிச் சோற்றை விட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. மெஷினில் உட்கார்ந்தால் வயிறு கடபுடவென்று சத்தம் போடுகிறது. தைக்க வந்தவர்கள் மெஷினுக்கு எண்ணெய் போடச் சொல்கிறார்கள்.

எடை பார்க்கச் சந்தையில் ஒரு மெஷின் வாங்கினேன். வலது காலை அழுத்தினால் ஓர் எடை, இடது காலை அழுத்தினால் ஓர் எடை. தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். என் கடைக்கு எதிரே இருக்கும் கடலை மண்டியில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருக்கிறதே, அதில் ஏறுகிறேன். எடையாள் நல்லதம்பி தங்கமான பிள்ளை. வெள்ளிக்கிழமை காலையில் மூட்டை வருமுன்னே என்னை நிறுத்துவிடுகிறான். நம்பர் தெரிகிற பக்கம் உள்ளே அவன் பார்க்கத் திரும்பியிருக்கும். மூட்டைக்குக் கூவுவது போலவே எனக்கும் கூவுகிறான். போன வெள்ளி, "எம்பத்தஞ்சேய்!" என்று அவன் போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. மானம் போனால் போகிறது, ஒரு கிலோ போயிற்றே.

கலைமதியைக் கேட்டதாகச் சொல். தண்ணீரை அளந்து குடி.

அக்கா,
அமராவதி


கறம்பக்குடி
14.03.2025

தம்பிக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு காகிதம் இல்லை. நீ சுகமா? போன் செய்தால் கலைமதி எடுத்து, "தூங்குறாக அண்ணி" என்கிறாள். அப்படி என்னடா தூக்கம்?

எனக்கு மனசே சரியில்லை. எண்பத்து மூன்றில் வந்து நின்றவள் மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறேன். நடையை ஒரு சுற்று கூட்டினேன். இட்லியை இரண்டாக்கினேன். ஒன்றும் அசையவில்லை. போன வெள்ளி நல்லதம்பி, "எம்பத்து மூணேய்" என்று சத்தம் இல்லாமல் சொன்னான். தராசிலிருந்து இறங்க முடியாமல் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். கடலை கொண்டுவந்த ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஊர் வேறு ஒரு பக்கம் கொல்கிறது. என் சிநேகிதி செவந்தி மகளுக்குக் காதுகுத்து. இலையில் பாயசத்தை ஒதுக்கி வைத்தேன். "எங்க வீட்டு எலை ஒனக்கு எளப்பமாப் போச்சாடி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். குடித்தேன். இன்னொருத்தி என் கையைப் பிடித்துப் பார்த்து, "நல்லா பூரிச்சாப்ல இருந்தவ, இப்பிடி எளைச்சுட்டியே, சுகரா?" என்கிறாள். குறைவது ஊர்க் கண்ணுக்குத் தெரிகிறது, தராசுக்குத் தெரியவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி எனக்கு எதற்கு? பதினோரு கிலோ குறைந்தால் போதும். நான் இங்கே பொறுத்துக்கொண்டிருந்தால் அங்கே நீ பொறுப்பாயா? அதை மட்டும் மறைக்காமல் எழுது.

அமராவதி


சென்னை
02.04.2025

அன்புள்ள அக்கா,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே குறை ஒன்றும் இல்லை.

பதில் எழுதாததற்குத் திட்டாதே. ஊசி போடும் கை கொஞ்சம் தகராறு செய்தது, சரிசெய்துவிட்டார்கள். எழுத்து கோணலாக இருந்தால் படுத்துக்கொண்டு எழுதுவதால்தான்.

என் எடை நன்றாகக் கட்டுக்குள் இருக்கிறது. நர்ஸ் பாராட்டினார். வெயில் வந்துவிட்டதால் தாகம்தான் படுத்துகிறது. கலைமதி ஐஸ் கட்டி செய்து தருகிறாள். ஒரு கட்டியை அரை மணி நேரம் சப்புவேன். நம் ஊர்க் கோயில் நீர்மோர்ப் பந்தலில் எட்டு டம்ளர் குடித்துவிட்டு, ஒன்பதாவதுக்கு நீ விரட்டினாயே, அந்தக் கனவு அடிக்கடி வருகிறது. விரட்டாமல் இருந்திருக்கலாம்.

நான் பொறுப்பேன். நீ நிதானமாகச் செய்.

வெற்றி


கறம்பக்குடி
05.05.2025

என் ராசா வெற்றிக்கு,

அக்கா ரொம்ப ரொம்ப நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருந்தாலும் இதைப் படித்ததும் நன்றாகிவிடுவாய்.

எழுபத்தாறுடா! எழுபத்தாறு!

நான் அழுத அடுத்த வாரத்திலிருந்து அது பாட்டுக்கு வாரம் ஒரு கிலோ இறங்குகிறது. நல்லதம்பி கூவக் கூவ எனக்குக் காது குளிர்கிறது. இன்னும் நாலே கிலோ. என் ஜாக்கெட்டை இந்த வருஷத்தில் மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் தையலைப் பிரித்துப் பெரிசாக்குகிறவள், எனக்கு மட்டும் பிடித்துப் பிடித்துச் சின்னதாக்குகிறேன்.

பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். எழுபத்தாறு என்றால் மற்ற டெஸ்ட்டுகளை ஆரம்பித்துவிடுவார்கள், ஆடி முடிந்ததும் ஆபரேஷன் தேதி கேட்கலாம் என்று மாமா சொல்கிறார். உனக்குப் பிடித்த முறுக்கைச் சுட முடியாது, உப்பு ஆகாது உனக்கு. வெறுங்கையோடு வருகிறேன். மன்னித்துக்கொள்.

வெற்றிமேல் வெற்றியாக,
அமராவதி


கறம்பக்குடி
23.05.2025

தம்பிக்கு,

வந்து சேர்ந்தோம். மாமா நலம். என்னைப் பற்றிக் கேட்காதே.

ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினேன். எண்பது புள்ளி இரண்டு என்றது. இறங்கி, செருப்பு போட்டிருக்கிறேனா என்று காலைப் பார்த்தேன். வெறுங்கால்தான். மறுபடி ஏறினேன். அதே எண்பது புள்ளி இரண்டு. அந்தப் பெண் டாக்டர், "கொறஞ்சிருக்கீங்கம்மா, நல்லது, இன்னும் எட்டுக் கிலோ" என்று எழுதி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அதனால்தான் உன்னிடம் சொல்லாமல்கூடக் கிளம்பி வந்தேன். உன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. மண்டிக்குப் போய் நல்லதம்பியின் சட்டையைப் பிடித்தேன். அவன் அழாத குறை. "அக்கா, இந்தத் தராசுல எந்த மூட்டைக்காச்சும் உள்ள எடைய நான் கூவுனது உண்டா? சாக்குக்கு, மண்ணுக்கு, ஈரத்துக்குன்னு கழிவு போகத்தான் கூவுவேன். வாயி பழகிப் போச்சு. ஒங்களுக்கு மொத வாரம் சேலைக்கும் வளவிக்கும் ஒரு கிலோ கழிச்சேன். பெறகு நீங்க அழுதீங்க. மனசு கேக்கல. அடுத்த வாரம் ரெண்டாக் கழிச்சேன். சந்தோசமாப் போனீங்க. அதுக்கு மேல நிறுத்த முடியலக்கா, நிறுத்துனா ஏறுனாப்ல ஆயிருமே" என்றான்.

நாலு கிலோ கழிவு! கடலைக்குப் போடுகிற கழிவை எனக்குப் போட்டிருக்கிறான் பாவி. நானும் ஒரு நாளாவது அந்தப் பக்கம் போய் நம்பரைப் பார்த்தேனா? நல்ல சேதி வருகிறது என்றால் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உன்னை வீட்டில் பார்த்ததில் ஒரு ஆறுதல். முகம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. உன் பேச்சில் மட்டும் சத்தமே இல்லை. வாசல் வரைக்கும்கூட நீ எழுந்து வரவில்லை, கால் மரத்துவிட்டது என்றாய். அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

இனி நல்லதம்பியும் வேண்டாம், அவன் கூவலும் வேண்டாம். எட்டுக் கிலோவையும் எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும்.

அமராவதி


கறம்பக்குடி
16.06.2025

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. இன்றைக்கு எழுபத்தாறு புள்ளி ஐந்து. கழிவு இல்லாமல். நம்பரை என் கண்ணால் பார்த்தேன். எப்படி என்று கேட்காதே. ஆடிக்குள் முடித்துவிடுவேன்.

அமராவதி


சென்னை
07.07.2025

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். நீ சுகமாக இல்லை என்று மாமா போனில் சொல்லிவிட்டார்.

தையல் மெஷின் மேலேயே சாய்ந்து விழுந்தாயாம். ஊசி விரலுக்குள் போயிருந்ததாம். புதுக்கோட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்தால், உடம்பில் தண்ணீரே இல்லை என்று மூன்று பாட்டில் ஏற்றினார்களாம். ஒரு மாதமாக ஒரு வேளைச் சாப்பாடு. கடைசி இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை எடை பார்க்க வேண்டும் என்பதற்காக!

எழுத்து கோணலாக இருக்கும். கோபத்தில்தான்.

நான் பாட்டில் மூடியால் அளந்து குடிக்கிறவன். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறவன். உனக்கு முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் இருக்கிறது, நீ குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாய். உன் ரத்தப் பரிசோதனையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கிட்னி வாடியிருக்கிறது என்கிறார்கள். நல்ல வேளையாகச் சரியாகிவிடுமாம். ஆனால் மூன்று மாதத்துக்கு உன்னை எந்த டெஸ்ட்டுக்கும் சேர்க்க மாட்டார்கள். நீ யாருடைய கிட்னியைக் காயப்போட்டாய் தெரியுமா? உன்னுடையதையும்தான், என்னுடையதையும்தான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என்னைத்தான் சின்ன வயதில் சொல்வாய். இப்போது யாருக்குச் சொல்வது?

இனி எனக்காக நீ எதுவும் செய்ய வேண்டாம். போதும்.

வெற்றிசெல்வன்


கறம்பக்குடி
25.07.2025

தம்பிக்கு,

எழுந்து நடமாடுகிறேன். விரல் ஆறிவிட்டது. நீ திட்டியதை நாலு தடவை படித்தேன். திட்டுகிற தெம்பு உனக்கு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இந்தப் புத்தி எனக்கு மாறாது.

தண்ணீர் விஷயத்தில் நான் செய்தது பெரிய தப்பு. வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் உன் தாகம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது மெஷின் பக்கத்திலேயே ஒரு சொம்பு வைத்திருக்கிறேன். குடிக்கும்போதெல்லாம் உன் பாட்டில் மூடி ஞாபகம் வருகிறது. ஆனாலும் குடிக்கிறேன்.

ஆஸ்பத்திரி சாப்பாட்டு அம்மா போனில் கணக்கு சொன்னார்கள். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். தட்டில் பாதி காய், ஒரு கைப்பிடி சோறு, பருப்பு, முட்டை. வாரத்துக்கு முந்நூறு கிராம், நானூறு கிராம் குறைந்தால் அதுதான் சரியான வேகமாம். "அதுக்கு மேல கொறஞ்சா எனக்குப் போன் பண்ணுங்க, திட்டுறேன்" என்கிறார்கள். முந்நூறு கிராம் என்பது என்னடா? ஒரு பிடி கத்தரிக்காய்.

பாட்டில் ஏற்றியதும் எழுபத்தெட்டரைக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு ரொம்பச் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பிறகு இஞ்ச் டேப்பை எடுத்து என் பழைய ஜாக்கெட்டை அளந்தேன். பொங்கலுக்குத் தைத்ததற்கும் இப்போதைக்கும் இடுப்பில் நாலு இஞ்ச் வித்தியாசம். ஏழரைக் கிலோ நிஜமாகவே போயிருக்கிறது, வெற்றி. நல்லதம்பி சொன்னதுதான் பொய், நான் நடந்தது பொய் இல்லை. இது ஏன் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை?

நல்லதம்பி வந்து வாசலில் நின்றான். தராசின் நம்பர்ப் பெட்டியைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டானாம். "இனி நான் கூவ மாட்டேங்க்கா. நீங்களே பாத்துக்கங்க" என்றான். இப்போது மூட்டைக்காரர்களும் நம்பரைப் பார்க்கிறார்கள். முதலாளி இவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்காக எதுவும் செய்யாதே என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் படிக்கவில்லை.

அமராவதி


சென்னை
10.09.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கலைமதி எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

போன வாரம் அவரை ஐ.சி.யு.வில் சேர்த்திருந்தோம். நுரையீரலில் தண்ணீர் சேர்ந்து மூச்சு முட்டிவிட்டது. இது மூன்றாவது தடவை. முதல் தடவை பிப்ரவரியில். நீங்கள் போன் செய்தபோது தூங்குகிறார் என்று சொன்னேனே, அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அண்ணி, டயாலிசிஸ் ஹாலில் போனுக்குத் தடை கிடையாது. எல்லாரும் பேசிக்கொண்டுதான் கிடக்கிறார்கள். போனில் பேசினால் அவருக்கு நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும். அதை நீங்கள் கேட்டால் பட்டினி கிடந்துவிடுவீர்கள் என்றுதான் கடுதாசி எழுதினார். மே மாதம் வந்தபோது முகம் பூசினாற்போல இருக்கிறது என்று சந்தோஷப்பட்டீர்கள். அது சதை இல்லை அண்ணி, நீர். சட்டையைக் கழற்றினால் எலும்பு எண்ணலாம். எடை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதுவார். சதை குறைகிற அளவுக்கு நீர் ஏறினால் எடை கட்டுக்குள்தானே இருக்கும்?

இன்னொன்று. நீங்கள் மயங்கி விழுந்த அன்றைக்கு, அக்கா பெயரை எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். நான் பின்னாலேயே போய் டாக்டர் காலில் விழாத குறையாகக் கேட்டு, ஃபைலை மூடாமல் வைத்திருக்கிறேன். டிசம்பருக்கு மேல் இதயம் தாங்குமா என்பது சந்தேகம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்கள்.

அவசரப்படாதீர்கள் அண்ணி. ஆனால் சீக்கிரம் வாருங்கள். இரண்டையும் ஒன்றாக எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கலைமதி


கறம்பக்குடி
31.10.2025

வெற்றிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகம் என்று இனிமேல் எழுதாதே. நான் நம்ப மாட்டேன்.

கலைமதி எல்லாம் எழுதிவிட்டாள். அவளைத் திட்டினாயோ, தெரியும் சேதி. கடிதம் வந்த அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு ஊருணிக் கரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். ஒரு வருஷம் ஆகப்போகிறது, என் எடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேனே! நீ படுத்துக்கொண்டு அதை வாசித்துச் சிரித்தாயாக்கும்? நல்லதம்பியை நான் சட்டையைப் பிடித்தேன். அவன் நாலு கிலோதான் கழித்தான். நீ எவ்வளவு கழித்தாய், சொல்லு!

அன்றைக்கே மறுபடி பட்டினி கிடக்கலாம் என்றுதான் எழுந்தேன். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கையை வைக்க முடியவில்லை. வயிறு வேண்டாம் என்கிறது, நீ அங்கே மூச்சுக்குத் தவிக்கிறாய். பிறகு அந்தக் கைப்பிடிச் சோற்றைத் தின்றேன். தம்பி, பட்டினி கிடப்பதைவிட அதைத் தின்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தின்றேன், நடந்தேன், தண்ணீர் குடித்தேன், தூங்கினேன். மறுநாளும் அப்படியே. ஏழு வாரம் அப்படியே. நடுவில் ஒரு வாரம் நூறு கிராம் ஏறிக்கூட இருந்தது. மண்டியிலேயே அந்த நம்பரை முறைத்துப் பார்த்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன்.

தீபாவளிக்கு நூற்றுப் பத்து ஜாக்கெட். ஒவ்வொருத்தியும் ஒரு டப்பா அதிரசத்தோடு வந்தாள். செவந்தியும் வந்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவ்வளவு நாள் வீம்புக்குச் சொல்லாமல் இருந்தேன். டப்பாவை அப்படியே மூடிவிட்டு, "மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பாயசத்த ஒன் எலையில ஊத்தியிருப்பேனாடி?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போது காலையில் என்னோடு அவளும் நடக்கிறாள். பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

இன்றைக்கு எழுபத்திரண்டு புள்ளி நாலு. பத்தாம் தேதி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ரத்த டெஸ்ட் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. அந்த மெஷினில் எழுபத்திரண்டுக்கு மேல் காட்டினால் அங்கேயே லாட்ஜ் எடுத்துத் தங்கி, குறைந்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவேன். பெயரை எடுக்கச் சொல்ல நீ யார்? கிட்னி என்னுடையது.

டாக்டரிடம் நீ உன் வாயால் "அக்காகிட்ட வாங்கிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் வருகிறேன்.

அமராவதி


சென்னை
04.12.2025

அக்கா,

இதை நர்ஸ் மணிமேகலையிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ மூன்றாவது மாடியில், நான் நாலாவது மாடியில். ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் ஆகியும் உன்னைப் பார்க்க விடவில்லை. கிருமி வந்துவிடுமாம். என் போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை நிஜமாகவே போன் கூடாது. நம்பாவிட்டால் மணிமேகலையைக் கேள்.

உனக்குத் தையல் வலி எப்படி இருக்கிறது? இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

பத்தாம் தேதி நீ மெஷினில் ஏறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். வளையலைக் கழற்றினாய், மூக்குத்தியைக் கழற்றினாய், கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாமா கையில் கொடுத்தாய். எழுபத்தொன்று புள்ளி எட்டு. நீ திரும்பி என்னைப் பார்த்து, "கழிவு போகவாடா?" என்று கேட்டாய். அப்போதுதான் டாக்டரிடம் நீ கேட்ட அந்த வார்த்தையைச் சொன்னேன்.

நேற்று அவரிடம் கேட்டேன், எடுத்து வைத்த கிட்னி எவ்வளவு எடை இருக்கும் என்று. நூற்றைம்பது கிராம் இருக்கும் என்றார். நூற்றைம்பது கிராம் கொடுக்கப் பதினாலு கிலோ குறைத்திருக்கிறாய். மறைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. உனக்குப் பயந்து மறைத்தேன்.

இன்று காலையில் மணிமேகலை ஒரு லிட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தது. புதுக் கிட்னி நன்றாக வேலை செய்கிறது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இன்றைக்கு மூன்று லிட்டர் என்றது. எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மூன்று லிட்டர்தான். பழக்கத்தில் மூடியைத் திருகி, மூடியிலேயே ஊற்றினேன். "என்னண்ணே, மருந்தா குடிக்கிறீங்க? வாய வச்சுக் குடிங்க" என்று சிரித்தது.

வாயை வைத்துக் குடித்தேன் அக்கா. பாதி பாட்டில் ஒரே மூச்சில். கழுத்து, சட்டை எல்லாம் நனைந்துவிட்டது. போதுமா என்று பார்த்தேன். "இன்னுங் குடிங்க" என்றது.

உன் தம்பி,
வெற்றி